கொதிக்கிற பானைக்கு ஒரு ஓட்டு

பென்னிகம், டெவன்
27 ஏப்ரல் 1831, புதன்கிழமை

அன்பும் மரியாதையும் கொண்ட என் கணவர் ஜெத்ரோ வீல் அவர்களுக்குக் கெசையா எழுதுவது.

நானும் பெக்கியும் சுகமாக இருக்கிறோம். பிளிமத் கல்குவாரியில் நீங்களும் கைகால் முழுசாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்துக்கு நீங்கள் தபால்காரரிடம் காசு கொடுக்க வேண்டியதில்லை. சர் கில்பர்ட் ட்ரென்ச் அவர்கள் பாராளுமன்ற உறுப்பினர் என்பதால், அவர் கையெழுத்து மேலே இருந்தால் கடிதம் இலவசமாகப் போகும். அவருடைய காரியஸ்தர் திரு. பின்னக் பெரிய மனதோடு அந்தக் கையெழுத்தை வாங்கித் தருவதாகச் சொல்லி, இப்போது நம் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். எழுதி முடித்ததும் தாமே மடித்து எடுத்துப் போவாராம். அவருக்குத்தான் எவ்வளவு சிரமம்.

விஷயம் இதுதான். ராஜா போன வெள்ளிக்கிழமை பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார். நம் ஊரில் வருகிற திங்கட்கிழமை ஓட்டுப் போடத் தொடங்கி, சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு முடிப்பார்கள். வழக்கம்போல இரண்டு இடங்கள். ஒன்றில் சர் கில்பர்ட் நிற்கிறார். அதற்குப் போட்டி கிடையாது. இன்னொன்றில் அவருடைய தம்பி மகன் கேப்டன் ட்ரென்ச் நிற்கிறார். மிகவும் நல்லவர் என்று எழுதும்படி திரு. பின்னக் சொல்கிறார். நான் கேப்டனைப் பார்த்ததில்லை. அவரும் நம் ஊரைப் பார்த்ததில்லை என்று கேள்வி. எதிர்த்து நிற்பவர் எக்ஸெட்டர் கம்பளி வியாபாரி கோலிங்ஸ். அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்பதையும் எழுதச் சொல்கிறார்.

பிளிமத் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் நம் ஊர் ஆண்களை ஏற்றிவர சர் கில்பர்ட் செலவிலேயே வண்டி வருகிறது. திங்கட்கிழமை காலை அங்கே வெள்ளைக் குதிரை விடுதி வாசலில் நிற்கும். வழியில் சாப்பாடும் பியரும் உண்டு. குவாரி மேஸ்திரியிடம் லீவு கேட்பதில் சிக்கல் இருந்தால் அதற்கும் ஒரு கடிதம் கொடுத்தனுப்புவார்கள்.

அடுப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். நவம்பரில் நீங்கள் போன நாளிலிருந்து ஒருநாள்கூட அணைய விடவில்லை. சொந்த அடுப்பில் பானை கொதிக்கிற வீட்டுக்குத்தான் ஓட்டு என்பதால், நேற்று இரண்டு கட்சி ஆட்களும் கையில் குச்சியோடு நம் வரிசை முழுக்க வந்து ஒவ்வொரு பானையாக மூடி தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பழைய வழக்கப்படி பானையை வாசலுக்குக் கொண்டுவந்து, ஊர் பார்க்க ஒரு கரண்டி மொண்டு குடித்தும் காட்டினேன். சூடு தாங்காமல் நாக்கு வெந்துவிட்டது. திரு. பின்னக் சிரித்துக்கொண்டே, "உன் வீட்டுக்காரர் பிளிமத்துல இருந்தா என்னம்மா, பானை இங்க கொதிக்குதில்ல? சட்டத்துக்கு அது போதும். அவர் இங்கதான் இருக்கார்னு அர்த்தம்" என்றார். நானும் பானைக்குள் எட்டிப் பார்த்தேன். முட்டைக்கோசும் பார்லியும்தான் இருந்தன.

பெக்கிக்கு இருமல் குறைந்திருக்கிறது. பன்றி நன்றாகத் தேறிவிட்டது. மழை இல்லை.

திரு. பின்னக் கடிகாரத்தைப் பார்க்கிறார், நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் கண்டிப்பாக வந்து கேப்டன் ட்ரென்ச் பெயரைச் சொல்வீர்கள் என்று அவர் நம்புகிறார். அவர் அவ்வளவு தூரம் நம்பும்போது நானும் நம்ப வேண்டியதுதானே. வாருங்கள்.

தங்கள் சொல்லுக்கு அடங்கிய மனைவி,
கெசையா வீல்


28 ஏப்ரல், வியாழன்

என் ஜெத்ரோவுக்கு,

நேற்றைய கடிதம் உங்கள் கைக்கு வந்திருந்தால் அதைச் சுருட்டி அடுப்பில் போடுங்கள். இதுதான் நான் எழுதுகிற கடிதம். மூட்டைவண்டி ஹன்னஃபோர்டிடம் உங்களுக்குக் காலுறை அனுப்புவதாகச் சொல்லி, இடது காலுறைக்குள் இதைத் திணித்திருக்கிறேன். மெதுவாக எழுத்துக்கூட்டிப் படியுங்கள். யாரையும் படித்துக் காட்டச் சொல்லாதீர்கள்.

வராதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னவெல்லாம் எழுதுவேனோ தெரியாது. காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய்ப் பானையைக் கிண்டுகிறேன், வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். பெக்கி என்னைப் பார்த்து, "அம்மா, உனக்கு ஷூவுக்குள்ள எறும்பு புகுந்துடுச்சா?" என்கிறாள்.

இந்தத் தேர்தல் போன தேர்தல் மாதிரி இல்லை. லண்டனில் ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறார்கள் அல்லவா, ஓட்டுமுறையைத் திருத்துகிற மசோதா. அதில் ஒழிக்க வேண்டிய தொகுதிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறதாம். நம் பென்னிகம் அதில் இருக்கிறது. மசோதா நிறைவேறினால் இந்த ஊருக்கு உறுப்பினரும் இல்லை, நமக்கு ஓட்டும் இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு ராஜாவின் சண்டைக்குக் கம்பளியும் கப்பலும் கொடுத்ததற்காக நம் ஊருக்கு இரண்டு இடம் கொடுத்தார்களாம். கப்பல் வந்த ஆறு மணல் மூடிப்போய் எத்தனை தலைமுறை ஆகிறது. உங்களோடு கல் உடைக்கிற மான்செஸ்டர்க்காரர், "எங்க ஊர்ல சனம் ஈசல் மாதிரி, எங்களுக்கு ஒருத்தன்கூட இல்ல, உங்க ஊர்ல ஆடுதான் அதிகம், அதுக்கு ரெண்டு பேரா?" என்று கேலி செய்தார் என்று எழுதியிருந்தீர்களே. அந்தக் கேலியைத்தான் இப்போது சட்டமாக்கப் போகிறார்கள்.

கோலிங்ஸ் செவ்வாய்க்கிழமை சந்தையில் பீப்பாய் மேல் ஏறிப் பேசினார். தொப்பி பிரமாதம். "எனக்கு ஓட்டுப் போட்டீங்கன்னா அடுத்த தடவை உங்களுக்கு ஓட்டே இருக்காது, அத இப்பவே சொல்லிடுறேன்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓட்டுக் கேட்க வந்து இப்படிப் பேசுகிற ஆளை நான் கண்டதில்லை. ஆனால் அவர் சிரிக்கவில்லை. செருப்புத் தைக்கிற சக்கரி லஸ்கமும் சிரிக்கவில்லை. "நானூறு வருஷமா ரெண்டு ரெண்டு பேரா அனுப்பியிருக்கோம், ஒருத்தனாவது ஆத்துக்கு ஒரு பாலம் கேட்டிருப்பானா?" என்று என்னிடம் கேட்டார்.

பின்னக் நேற்று நம் வீட்டிலிருந்து போகிற வழியில் தெருக்குழாய் அருகே நின்று, எல்லாப் பெண்களும் கேட்கும்படி சொன்னார். "இந்த வரிசை வீடுங்கள எதுக்குக் கட்டினோம்? ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு கதவு. ஒரு பானை கொதிச்சா ஒரு ஓட்டு. ஊரு பேரே பட்டியல்ல இருந்து போயிடுச்சுன்னா இந்த வீடுங்க எதுக்கு? சர் கில்பர்ட்டோட ஆட்டுக்கு மேய எடம் பத்தல." அவர் பொய் சொல்லவில்லை. சர் கில்பர்ட்டின் தாத்தா மதராஸ் என்ற தூரதேசத்திலிருந்து யாருடைய பணத்தையோ பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இந்த ஊரை வாங்கினார். அந்தப் பணத்தில்தான் நம் சுவர் நிற்கிறது. வாடகை பெயருக்குத்தான் வாங்குகிறார்கள். வாடகையை மேடை ஏறி வாயால் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ப்ரூடன்ஸ் அக்கா சும்மா இருப்பாளா? குச்சியோடு வந்தவர்களிடம், "நல்லாக் கிண்டிப் பாருங்கய்யா, அடியில சர் கில்பர்ட்டோட மனசாட்சி கெடக்கும். எத்தன நாள் வேக வெச்சாலும் மசிய மாட்டேங்குது" என்றாள். விதவைக்கு ஓட்டும் இல்லை, பயமும் இல்லை.

அவளைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஜனவரிப் புயலில் அவள் வீட்டுப் புகைபோக்கி இடிந்து விழுந்தது. கட்டித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, "ஓட்டு இல்லாத அடுப்புக்குப் புகைபோக்கி எதுக்கு?" என்று பின்னக் கேட்டாராம். அன்றிலிருந்து அவள் பானையும் நம் அடுப்புக் கொக்கியில்தான் தொங்குகிறது. என் பானை முன்னால், அவள் பானை பின்னால். பனியில் ஒரு பொம்பளை சூடாக ஒரு வாய் குடிக்க வழியில்லாமல் இருக்கும்போது நான் சட்டத்தையா நினைப்பேன்? ஆனால் ஒரே அடுப்பில் இரண்டு வீட்டுப் பானை கொதித்தால் ஓட்டு செல்லாது என்று உங்களுக்குத் தெரியும். இதுவரை யாரும் கவனிக்கவில்லை. மூடி தூக்க வருகிற சத்தம் கேட்டால் அவள் தன் பானையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் ஓடிவிடுவாள்.

ராத்திரியெல்லாம் இதையே யோசித்தேன். நீங்கள் வந்து கேப்டன் பெயரைச் சொன்னால் வீடு இருக்கும். ஆனால் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அதை நான் போன ஆகஸ்ட் தேர்தலிலேயே பார்த்துவிட்டேன். கோலிங்ஸ் பெயரைச் சொன்னால் அன்று மாலையே தெருவில் நிற்போம். பெக்கியின் மார்புச் சளிக்கு ஒரு மழை போதும். அதனால் வரவே வராதீர்கள். மேஸ்திரி விடவில்லை, காலில் கல் விழுந்துவிட்டது, எதையாவது சொல்லுங்கள். அப்படியும் உங்களை வண்டியில் ஏற்றிவிட்டால் நான் ஒரு காரியம் செய்வேன். இரண்டு பானை சமாசாரத்தை கோலிங்ஸின் வக்கீல் காதில் போட்டுவிடுவேன். அவர் ஆட்சேபிப்பார், உங்கள் ஓட்டு தள்ளுபடியாகும், நீங்கள் வாயைத் திறக்க வேண்டியிராது. வீட்டைக் காலி செய்யச் சொல்ல பின்னக்குக்கும் காரணம் கிடைக்காது. இது கெட்டிக்காரத்தனமா, கோழைத்தனமா, எனக்கே தெரியவில்லை. கோபப்படாதீர்கள். எனக்கு இந்தக் கூரை வேண்டும். வேறு எதையும் நான் இப்போது யோசிக்கவில்லை.

பெக்கிக்கு இருமல் குறையவில்லை. அந்த ஆள் எதிரில் உட்கார்ந்திருந்ததால் அப்படி எழுதினேன். பன்றியை விற்றாகிவிட்டது.

ஹன்னஃபோர்ட் குதிரை பூட்டுகிறார். என் பேச்சை இந்த ஒரு தடவை கேளுங்கள். அங்கேயே இருங்கள். கர்த்தர் உங்களைப் பத்திரமாக அங்கேயே வைத்திருக்கட்டும்.

உங்கள் கெசையா


4 மே, புதன் மதியம்

என் ஜெத்ரோவுக்கு,

வண்டி நேற்றுக் காலையில் வந்தது. பிளிமத்திலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள், மூன்று பேரும் நல்ல போதை. நீங்கள் இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என் பேச்சை ஒரு தடவையும் கேட்காத மனுஷன், கேட்பதற்கு இந்த நாளைத்தானா பார்த்தீர்கள்? உங்களைத் திட்டவில்லை. நான் சொன்னதைச் செய்தீர்கள். இப்போது நான் சொன்னதையே நான் மாற்றிச் சொல்லப் போகிறேன். என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

திங்கட்கிழமை காலையில் சந்தை மண்டபத்துக்கு முன்னால் மேடை போட்டு ஓட்டெடுப்பு தொடங்கியது. உங்களுக்கே தெரியும், ஆள் மேடை ஏற வேண்டும், ஊர்த்தலைவர் பெயரைக் கேட்பார், அடுப்பு உண்டா, பானை உண்டா, ஊர் தர்மம் வாங்காதவரா என்று கேட்பார், பிறகு யாருக்கு என்று கேட்பார், அவன் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒருபக்கம் பின்னக் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பெண்கள் நாங்கள் கீழே கயிற்றுக்கு இந்தப் பக்கம். போன ஆகஸ்டில் எனக்கு எட்டாம் மாதம், நான் வெயிலில் நிற்க முடியாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இந்த முறைதான் முன்னால் நின்று முழுசாகப் பார்த்தேன்.

ஒருவர் பின் ஒருவராக நம் வரிசை ஆண்கள் ஏறினார்கள். குடிபோதையில் பாட்டுப் பாடி ஜன்னல் அதிர வைக்கிறவர்கள், ஏலத்தில் கத்திக் கத்தித் தொண்டை பழகியவர்கள், அங்கே போய் நின்றதும் பூனைக்குட்டி மாதிரி "கேப்டன் ட்ரென்ச்" என்கிறார்கள். "சத்தமா சொல்லுப்பா, கேக்கல" என்று ஊர்த்தலைவர் ஒவ்வொருவரையும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. இறங்கி வரும்போது மனைவி நிற்கிற பக்கம் ஒருவனும் திரும்பவில்லை. என் பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி, "நம்ம வீட்டுக் கூரை எறங்கி வருது பாரு" என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பத்து மணி வாக்கில் சக்கரி லஸ்கம் ஏறினார். யாருக்கு என்று கேட்பதற்குள்ளேயே, "கோலிங்ஸ்! இன்னொரு தடவ வேணும்னா இன்னொரு தடவ சொல்றேன், கோலிங்ஸ்!" என்றார். சந்தையில் கட்டியிருந்த மாடுகள்கூடத் தலையைத் தூக்கின. கீழே இறங்கி நேராக மனைவி டார்கஸிடம் வந்து, "சொல்லிட்டேன்டி" என்றார். அவள், "கேட்டுச்சு, நான் என்ன செவிடா?" என்றாள். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது. இருவரும் கைகோத்துக்கொண்டு நடந்துபோனார்கள். இத்தனை வயதில், நடுத்தெருவில்.

நேற்று மதியம் பின்னக்கின் ஆட்கள், நமக்கு மறுபக்கத்துச் சுவரை ஒட்டிய லஸ்கம் வீட்டுக்கு வந்தார்கள். காலி செய்யச் சொல்லவில்லை, நோட்டீசும் இல்லை. கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். ஜன்னல் சட்டத்தையும். "ரிப்பேருக்குக் கொண்டுபோறோம்" என்றார்கள். பிறகு உள்ளே போய்க் கடப்பாரையால் அடுப்பை இடித்தார்கள். எங்கள் சுவரிலிருந்து மண் உதிர்ந்தது. பெக்கி காதைப் பொத்திக்கொண்டாள். டார்கஸும் அவரும் சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்தார்கள்.

ஜெத்ரோ, நான் போய்ப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் முதலில் இருந்தது, ஆனால் கால் நிற்கவில்லை. ஒன்பது வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது அங்கே தெருவில் கிடந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, செருப்புத் தைக்கிற பெட்டி, போர்வை மூட்டை. அவ்வளவுதான். நான் இன்னும் பெரிதாக நினைத்திருந்தேன். டார்கஸ் நாலு கல்லைக் கூட்டி நெருப்பு மூட்டி, தெரு நடுவிலேயே பானையை ஏற்றிவிட்டாள். அழவில்லை. போகிற வருகிற பெண்களுக்கெல்லாம் கிண்ணம் கிண்ணமாக மொண்டு கொடுத்துக்கொண்டு, "குடிங்கடி, இந்தப் பானைக்கு இனிமே ஓட்டு இல்ல. சூப்பு மட்டும்தான்" என்றாள். எனக்கும் கொடுத்தாள். உப்பு கொஞ்சம் அதிகம். நான் அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. வீடு போனது அவளுக்கு, அழுதது நான். மாலைக்குள் சபைப் பிரசங்கியார் தன் குதிரைக் கொட்டகை மாடியை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டார்.

நான் வீட்டுக்குத் திரும்பினால் பின்னக் தங்கள் கட்சி வக்கீலோடு நிற்கிறார். வண்டியில் நீங்கள் வராததால் சந்தேகம் வந்துவிட்டது. "உன் வீட்டுக்காரர் எங்கம்மா? கோலிங்ஸ் ஆளுங்க கூட்டிட்டு வரப்போறாங்களா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே அடுப்புக் கொக்கியைப் பார்த்தார். முன்னால் என் பானை, பின்னால் ப்ரூடன்ஸ் அக்காவின் பானை. இடிக்கிற சத்தத்தில் அவர்கள் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு ஓட முடியவில்லை. பக்கத்திலேயே அவளும் கையில் கரண்டியோடு நிற்கிறாள்.

வக்கீல் என்னைப் பார்த்துக் கேட்டார், "இது ரெண்டாவது வீட்டுப் பானையா?" நான் உங்களுக்கு எழுதியிருந்தேனே, அதே வழி. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்கள் ஓட்டு செல்லாது, நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான், கூரை நிற்கும். பின்னக்குக்குக்கூட அதுதான் வேண்டும் போலிருந்தது. நம்ப முடியாத ஓட்டைவிட இல்லாத ஓட்டு மேல் அல்லவா. நான் வாயைத் திறந்தேன். "என் அடுப்பு. என் பானை மட்டும்தான் இதுல கொதிக்கும்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. என் குரல் மாதிரி இல்லை.

"அப்ப பின்னால தொங்குறது?" என்றார் வக்கீல். ப்ரூடன்ஸ் அக்கா முந்திக்கொண்டாள். "அது என் பானைங்க. அவிச்ச தண்ணில சாயம் போடுறேன், துணிக்கு. திங்கிறதுக்கு இல்ல. நீங்கதான் புகைபோக்கி கட்டித் தர மாட்டேன்னுட்டீங்களே, ஜனவரியிலேர்ந்து நான் சூடா ஒண்ணும் திங்கிறதில்ல" என்றாள். சொல்லிக்கொண்டே புகைபோக்கி விழுந்ததிலிருந்து நம் வீட்டு ஆணியில் மாட்டிவைத்திருக்கும் தன் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்து, மூடியைத் தூக்கி, அவர்கள் உள்ளே பார்ப்பதற்குள் கொதிக்கிற கஞ்சிக்குள் முக்கிவிட்டாள். கரண்டியால் அழுத்திக் கிண்டினாள். வக்கீல் மூக்கைப் பொத்திக்கொண்டார். பைபிள் மேல் சத்தியம் செய்வாயா என்று கேட்டார். கையை வைத்துச் செய்தாள். அவர்கள் போன பிறகு, "என்ன அக்கா, பொய்ச் சத்தியம் பண்ணிட்டியே" என்று நான் கேட்டேன். "கடவுளுக்கு என் புகைபோக்கி விழுந்தது தெரியும்டி. பின்னக்குக்குத்தான் தெரியல" என்றாள். தொப்பியைக் காயப்போட்டிருக்கிறோம். பார்லி ஒட்டிக்கொண்டு பார்க்கச் சகிக்கவில்லை.

ஆகவே உங்கள் ஓட்டு இன்றைக்கும் நல்ல ஓட்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நேற்று மாலையிலிருந்து சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, துவைக்கப்போகிற துணிக்கூடைக்குள் வைத்து, பிரசங்கியாரின் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். கட்டிலைப் பிரித்துக் கம்பளத்தில் சுற்றித் தூக்கியது டார்கஸ். பெக்கியும் அங்கேதான் இருக்கிறாள். வைக்கோல் வாசனைக்கு இருமல் குறைந்த மாதிரி இருக்கிறது, இது நிஜமாகவே. இங்கே இப்போது நானும் அடுப்பும் ஒரு முக்காலியும்தான். நெருப்பை அணைய விட மாட்டேன். சனிக்கிழமை நாலு மணிவரை இது உங்கள் வீடு, அதற்குப் பிறகு அவர்கள் கடப்பாரையோடு வரட்டும்.

உங்களிடம் மறைக்கக் கூடாது, கோலிங்ஸ் ஜெயிக்க மாட்டார். இன்று மதியம்வரை நிறையப் பின்தங்கியிருக்கிறார். மீதி இருக்கிறவர்களும் நம் வரிசைக்காரர்கள்தான், அவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று தெரியும். உங்கள் ஒரு குரலால் எண்ணிக்கை மாறாது. மசோதா நிறைவேறினால் வேறு ஊர்க்காரர்கள் போட்ட ஓட்டில் நிறைவேறும், நமக்கு ஓட்டும் போகும், வீடும் போகும். தோற்கப்போகிற ஆளுக்காக, உள்ள ஓட்டையும் ஒழிக்கிற ஆளுக்காக, கூரையைக் கொடுக்கிறாயே என்று பின்னக் என்னைக் கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. முந்தாநாள்வரை நானே அப்படித்தான் கேட்டிருப்பேன்.

ஆகஸ்டைப் பற்றிப் பேச வேண்டாம் என்று இருந்தேன், பேசாமல் முடியாது. அன்று காலையில் நீங்கள் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "இவன் தெருவில பொறக்கணுமா?" என்று கேட்டேன். நீங்கள் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். மேடை ஏறி அவர்கள் ஆள் பெயரைச் சொல்லிவிட்டு வந்தீர்கள். அவன் செப்டம்பரில், நல்ல கூரைக்குக் கீழே, எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் பிறந்து, மூன்றாம் நாள் போய்விட்டான். நீங்கள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நவம்பரில் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டீர்கள். அந்த மேடையிலிருந்து இறங்கிய நாளிலிருந்து கிளம்பிய நாள்வரை ஒரு தடவைகூட என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. உப்பு எடு என்றாலும் உப்பைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டீர்கள். அது கோபம் என்று நினைத்து நானும் கோபித்துக்கொண்டேன். திங்கட்கிழமை மேடையிலிருந்து இறங்கிய ஆண்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது கோபமில்லை என்று தெரிந்தது.

வாருங்கள். ஹன்னஃபோர்ட் நாளை விடியற்காலையில் புறப்படுகிறார். நாளை இரவுக்குள் இது உங்கள் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமை நடக்கத் தொடங்கினால் சனிக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடலாம். அவர்கள் வண்டியில் ஏறாதீர்கள், அவர்கள் பியரைத் தொடாதீர்கள். வீட்டுக்கு வராமல் நேராகச் சந்தைக்குப் போங்கள். நான் கயிற்றுக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நிற்பேன். உங்களுக்குத் தோன்றுகிற பெயரை, அது எதுவானாலும் சரி, உங்கள் குரலில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு இறங்குவதற்கு முன்னால் என்னைப் பாருங்கள். அங்கேயிருந்தே, எல்லாரும் பார்க்க, ஒரு தடவை என்னைப் பாருங்கள். அதற்கப்புறம் பிளிமத்தோ குதிரைக் கொட்டகையோ, எங்கே கூப்பிட்டாலும் வருகிறோம்.

கர்த்தர் உங்கள் பாதங்களை வழியில் காக்கட்டும்.

கெசையா